யூனிசைக்கிள் வாங்கப் போறீங்களா? முதல்ல எங்கே ஓட்டப் போறீங்கன்னு சொல்லுங்க

யூனிசைக்கிள், அதாவது ஒற்றைச் சக்கர சைக்கிள், கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பேலன்ஸ் எப்படிங்க வருது?" என்றுதான். பேலன்ஸ் எல்லாருக்கும் வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே ஓட்டப் போறீங்க?" மொட்டைமாடியிலா, பார்க்கிலா, ஆபீசுக்குப் போய்வரவா? அதற்குப் பதில் வந்துவிட்டால் எத்தனை இன்ச் விட்டமுள்ள சக்கரம் என்பதில் பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதியை உங்கள் கால் நீளம் சொல்லிவிடும்.

நான் இருப்பது பெங்களூரு அல்சூரில். 20, 24, 29 இன்ச் என்று மூன்று வண்டிகள் வீட்டில் இருக்கின்றன. 36 இன்ச் வண்டியை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் வீட்டுக்குப் பக்கத்து பாஸ்கெட்பால் கோர்ட்டில் பிள்ளைகளுக்கும், ஆசையோடு வரும் சில பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறேன். அங்கே ஒவ்வொருவர் காலையும் சக்கரத்தையும் பார்த்துப் பார்த்துப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

அவசரமாகப் பதில் வேண்டியவர்களுக்கு: முதல் வண்டி 20 இன்ச். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமென்றால் 24 எடுக்கலாம். 26, 29 எல்லாம் ஓட்ட வந்த பிறகு. 36 முதல் வண்டியாக வேண்டவே வேண்டாம். எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 16. நேரம் இருக்கிறவர்கள் மேலே படியுங்கள், காரணம் தெரிந்து வாங்குவது நல்லது.

இந்த வண்டியில் செயின் கிடையாது, காலை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தானாக உருள விடும் ஃப்ரீவீல் கிடையாது. பெடலைத் தாங்கும் கையான கிராங்க், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலேயே நேராகப் பூட்டியிருக்கும். பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆகவே சக்கரத்தின் அளவுதான் இதற்குக் கியர். 20 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர், 24க்கு 1.9, 29க்கு 2.3, 36க்கு ஏறக்குறைய 2.9. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பது பழகிய காலுக்குச் சிரமமில்லாத வேகம். அப்படி மிதித்தால் 20 இன்ச் வண்டி மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். 24 இன்ச் 9 கிலோமீட்டர், 29 இன்ச் 11 கிலோமீட்டர், 36 இன்ச் 14 கிலோமீட்டரை நெருங்கும்.

இதைக் கேட்டதும் பலருக்கு 29 மேல் கண் போய்விடும். கொஞ்சம் பொறுங்கள். ஃப்ரீவீல் இல்லாததால் இறக்கத்திலும் கால் சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். காலை நிறுத்தினால் சக்கரம் நின்றுவிடும், ஆள் முன்னால் போய்விடுவார். தனியாக பிரேக் பொருத்தாத வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் அதே கால்தான். பெரிய சக்கரத்துக்கு ஓட்டம் பிடிக்க நேரமாகும், பிடித்த ஓட்டத்தை அடக்கவும் அதே அளவு பலம் வேண்டும். கற்றுக்கொள்ளும்போது நாம் செய்வதெல்லாம் என்ன? முன்னால் சாய்ந்தால் சக்கரத்தை முன்னே தள்ளுவது, பின்னால் சாய்ந்தால் இழுத்துப் பிடிப்பது, நொடிக்கு நொடி இதேதான். சொன்ன உடனே கேட்கிற சக்கரமாக இருந்தால்தான் கால் அந்தப் பாடத்தைப் படிக்கும். 20 இன்ச் அப்படிக் கேட்கும்.

என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். சக்கரத்தின் வலப்பக்கம் நின்று கடிகாரமாக நினைத்துப் பாருங்கள். பின்பக்கத்துப் பெடல் 9 மணியிலிருந்து சற்றே இறங்கி 8 மணியில் இருக்க வேண்டும். சீட்டைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து, அந்தப் பெடலில் ஒரு காலை வைத்து ஏறும்போது வண்டி பின்வாங்கும். சக்கரம் தன் பாட்டுக்கு உடம்புக்கு அடியில் வந்து நிற்கும். அந்த நொடியில் முன் பெடலில் அடுத்த கால். 20 இன்ச்சில் இந்தப் பின்வாங்கல் சின்னது, ஒரு கையால் வேலியைத் தொட்டுக்கொண்டே சமாளித்துவிடலாம். "அத்தை, எடையை எங்கே போடணும்?" என்று அவள் கேட்பாள். சீட்டில் போட வேண்டும், பெடலில் அல்ல. இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் தொடை வலி பாதியாகக் குறையும். விழுந்தாலும் 20 இன்ச்சில் பெரும்பாலும் இரண்டு காலில்தான் வந்து நிற்போம், அவ்வளவு தாழ்வான உயரம் அது. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் விழும்போது கை தானாகத் தரையை ஊன்றப் போகும்.

இப்போது உயரமானவர்கள். என் அக்கா மகன் ஆறடியைத் தாண்டியவன், இன்ஜினியரிங் படிக்கிறான். என்னைக் கேட்காமலே ஆன்லைனில் ஒரு 26 இன்ச் வரவழைத்துவிட்டான். ஆள் பலசாலி, விடாப்பிடியாகப் பழகினான். ஆனாலும் சக்கரம் அவனை இழுத்துக்கொண்டு போனதே தவிர, அவன் சக்கரத்தை நடத்தவில்லை. என் 20ஐக் கொடுத்து, சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்டில் நீளமான ஒன்றை மாட்டிவிட்டேன். அதில் கால் பாடம் பிடித்ததும் மறுபடி 26க்குப் போனான், அதன் பிறகு தடையே இல்லை. "சித்தி, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான். அவனைப் போன்ற உயரத்துக்கு 24 இன்ச் நடுவழியாக இருக்கும். தனியாகப் போஸ்ட் தேட வேண்டியதில்லை, சக்கரமும் பிடிவாதம் பண்ணாது.

உயரத்தை அடியில் சொல்வதைவிடக் கால் நீளத்தை அளப்பது சரியான வழி. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டை நோட்டைத் தொடைகளுக்கு நடுவில் மேலே முட்டும் வரை வைத்து, அதன் மேல் விளிம்பைச் சுவரில் குறித்துத் தரையிலிருந்து அளக்க வேண்டும். வண்டிப் பக்கக் கணக்கு இது: சக்கரத்தில் பாதி, கிராங்க் நீளம், அதற்கு மேல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தலையும் சீட் போஸ்டை இறுக்கும் கிளாம்ப்பும் சீட்டும் சேர்ந்து இன்னொரு சாண். மூன்றையும் கூட்டினால், சீட்டை முழுக்க இறக்கினாலும் உங்கள் கால் எவ்வளவு நீளம் இருந்தாக வேண்டும் என்பது கிடைக்கும். 125 மில்லிமீட்டர் கிராங்க் போட்ட 20 இன்ச்சுக்கு ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். 150 கிராங்க் போட்ட 24க்கு 65ஐ ஒட்டி வரும். அதே கிராங்கோடு 36க்கு 80 வேண்டும். நம்மில் பல பெண்களுக்கு இந்த 80தான் தடை. ஷூவின் அடிப்பாகம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

சீட்டை எவ்வளவு உயர்த்துவது என்றால், பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் பயம் குறையும் என்று நினைப்பார்கள், உண்மையில் கஷ்டம்தான் கூடும். ஒட்டடைக் கொம்பை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள், பென்சிலையும் நிறுத்திப் பாருங்கள். உயரமானது மெதுவாகச் சாயும், நமக்குச் சுதாரிக்க நேரம் கொடுக்கும். குனிந்து மடங்கி உட்கார்ந்தவர்கள் தொடை எரிய எரிய மிதித்து, "எனக்கு வராது" என்று போய்விடுகிறார்கள். சீட்டை மூன்று விரல்கடை தூக்கிவிட்டதும் ஓட்டிக் காட்டியவர்களை எங்கள் கோர்ட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

இனி நம் ஊர் ரோடு. கற்றுக்கொண்ட பிறகு கோர்ட்டை விட்டு வெளியே வர மனசு துடிக்கும். அங்கேதான் 20 இன்ச்சின் எல்லை தெரியும். ஃபுட்பாத்தில் இரண்டு சிமெண்டுப் பலகைக்கு நடுவே இருக்கும் சந்து போதும், சின்னச் சக்கரம் இறங்கி நின்றுவிடும். ஹம்ப் எனும் வேகத்தடை வந்தால் அதன் அடிவாரத்திலேயே முட்டிக்கொள்ளும். பெடல்கள் இரண்டும் படுக்கைவசமாக வரும்படி பார்த்து, சீட்டிலிருந்து அரை அங்குலம் எழுந்து, ஒரே அழுத்தில் ஏற வேண்டும். பெங்களூருவில் வீட்டுக்கு வீடு ஹம்ப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் இந்த வேலை என்றால் கால் ஓய்ந்துவிடும். 24 இன்ச்சில், அதுவும் இரண்டு இன்ச்சுக்கு மேல் அகலமான டயர் போட்டால், இதில் பெரும்பகுதி தொல்லை தீர்ந்துவிடும். 29 ஹம்பைப் பொருட்படுத்தாமலே உருண்டுவிடும்.

அப்படியானால் ஆபீசுக்கு 29தானே? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அல்சூரிலிருந்து இந்திராநகர் பக்கம் அதிகாலையில் மூன்றிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். ரோடு காலியாக இருந்தால் 29க்கு ஈடே இல்லை. சிக்னல்கள் உயிர் பெற்ற பிறகு கதை மாறிவிடும். யூனிசைக்கிளை நிறுத்தி வைத்து உட்கார்ந்திருக்க முடியாது. இறங்க வேண்டும், அல்லது கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது முன்னும் பின்னும் அரைச் சுற்று ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். 20லும் 24லும் இந்த ஆட்டம் சுலபமாக வரும். 29இல் நன்றாகப் பழகிய காலுக்கே பாரம். இறங்கினால், பச்சை விழுந்ததும் பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்க, பிடிமானம் இல்லாமல் மறுபடி ஏற வேண்டும். பெரிய சக்கரத்தில் அது முதல் முயற்சியிலேயே அமையும் என்று சொல்ல முடியாது. நேரான ரோட்டில் சம்பாதித்த வேகத்தையெல்லாம் சிக்னலில் கொடுத்துவிட்டுத்தான் வருவோம். அதனால் ஊருக்குள் நின்று நின்று போகிறவர்களுக்கு 24 அல்லது 26 என்பதுதான் என் கட்சி. வண்டிகள் நெருக்கியடிக்கும் நேரத்தில் மெயின் ரோட்டுக்கு எந்த அளவையும் எடுத்துப் போகாதீர்கள்.

29க்கென்று இடங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை உள்ளே விடாத கப்பன் பார்க்கில் மரநிழலில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரலாம். ஊரைத் தாண்டிய ஏரிக்கரை மண் பாதைகளும் அதற்கு ஏற்றவை. ஏற்ற இறக்கத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்கள் அல்சூர் ஏரிப்பக்கம் பள்ளம், அங்கிருந்து எம்.ஜி. ரோடு பக்கம் போவதே ஏற்றம். திரும்பி வரும்போது அதே தூரத்தைக் காலால் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டும். பிரேக் பொருத்தும் வசதி உள்ள ஃபோர்க்காக இருந்தால் 29க்கு அது பெரிய துணை.

36 பற்றி ஆசையோடு கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் ஏறி உட்கார்ந்து வேகம் பிடித்ததும் கிடைக்கும் நிதானம் வேறு எதிலும் கிடைக்காது. சக்கரமே நம்மைத் தாங்கிக்கொண்டு போகும். பிரிட்டனைச் சேர்ந்த எட் பிராட் 2015இல் கிளம்பி 2018இல் வீடு திரும்பும் வரை உலகத்தைச் சுற்றி வந்தது 36 இன்ச் வண்டியில்தான். நீண்ட நெடுஞ்சாலையில் சாமான் மூட்டையோடு மணிக்கணக்கில் போகிறவருக்கு அது பொருத்தம். ஆனால் ஏறவே நாலடி ஓட்டம் வேண்டும், நிறுத்த முன்கூட்டியே யோசிக்க வேண்டும், லிஃப்டில் வைத்தால் இன்னொருவர் நிற்க முடியாது. இன்னொரு வழியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்லும்ப் செய்த கியர் ஹப் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.55 சுற்றும், குதிகாலால் தட்டி மாற்றிக்கொள்ளலாம். விலை அதிகம், நாள்பட ஓட்டியவர்களுக்கு மட்டுமே.

சக்கரத்தை மாற்றுவதற்கு முன்னால் கிராங்கை மாற்றிப் பாருங்கள் என்று எல்லாரிடமும் மன்றாடுகிறேன். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கிராங்க் நீளத்தைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். எண் பெரிதாக இருந்தால் பிடிமானம் அதிகம், ஏற்றம் சுலபம், கட்டுப்பாடு கைக்குள். சின்னதாக இருந்தால் கால் சின்ன வட்டத்தில் விரைவாகச் சுற்றும், சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். 20 இன்ச்சுக்கு 125 மில்லிமீட்டர் போட்டால் 0.49. 24க்கு 150 போட்டாலும் அதே 0.49. அதனால்தான் உயரமானவர்களுக்கு 24 தரும்போது 150 கிராங்கோடு தரச் சொல்கிறேன், பிடிமானம் 20 மாதிரியே இருக்கும். 29க்கு 125 என்றால் 0.34, 36க்கு 150 என்றால் 0.33. ஆக, உங்கள் 24இல் 150ஐக் கழற்றிவிட்டு 114 மாட்டினால், புதுச் சக்கரம் வாங்காமலே வேறு வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும். வேகத்துக்குக் கிராங்க் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பந்தய விதியே சாட்சி. சர்வதேச யூனிசைக்கிள் சம்மேளனத்தின் ட்ராக் விதிகளில் 24 இன்ச் பிரிவுக்கு டயரின் வெளி விட்டம் 618 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதோடு, கிராங்க் 125க்குக் குறையக் கூடாது என்றும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

பூட்டும்போது ஒரு எச்சரிக்கை. இடது கிராங்கில் எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், அது ஓட்டுகிறவரின் இடது காலுக்கு வர வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரிவதால் சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிடுவது சாதாரணம். இடது பெடலின் மரை எதிர்த் திசையில் வெட்டப்பட்டது, மாற்றி மாட்டினால் மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்று கிராங்கின் மரையைத் தின்றுவிடும். சீட்டிலும் முன் பின் உண்டு. அதைப் போஸ்ட் பக்கம் பார்த்துச் சரிசெய்து, சக்கரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அப்புறம் டயர். வாங்கும் முன்பே யோசிக்க வேண்டியது இது. டயர் பக்கவாட்டில் 47-406 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 20 இன்ச் யூனிசைக்கிளுக்கு 406. பிஎம்எக்ஸ் எனும் சாகச சைக்கிள்களுக்கும் பிள்ளைகள் சைக்கிளுக்கும் போடுவதே என்பதால் சிவாஜிநகரில் எந்தச் சைக்கிள் கடையிலும் டியூபோடு கிடைக்கும். 24க்கு 507, 26க்கு 559. 24 என்று கடையில் கேட்டால் வேறு விட்டத்து டயரும் எடுத்து நீட்டுவார்கள், எண்ணைப் பாருங்கள். 29க்கு 622. மலைச் சைக்கிள்கள் ஊரெல்லாம் ஓடுவதால் இப்போது பஞ்சமில்லை. பால்காரர் ஓட்டும் பழைய கறுப்பு சைக்கிளின் 28 இன்ச் டயர் இதைவிடச் சின்னது என்று தோன்றும். அதன் எண் 635, உண்மையில் பெரியது, 29 ரிம்மில் உட்காரவே உட்காராது. 36க்கு 787. உள்ளூர்க் கடைகளில் அதைக் கண்டதில்லை, ஒரு டயர் கிழிந்தால் வெளிநாட்டிலிருந்து வரும் வரை வண்டி சுவரில் சாய்ந்திருக்கும்.

இன்ச் கணக்கு பெயரளவில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். 507 ரிம்மில் மூன்று இன்ச் அகல டயர் போட்டால் வெளி விட்டம் 26 இன்ச்சைத் தொட்டுவிடும். குதித்து விளையாடுகிறவர்களின் 19 இன்ச் வண்டி தடித்த டயரால் 20க்குச் சமமாகவே நிற்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது காற்றடித்த டயரை டேப்பால் அளப்பதுதான் நம்பகம். காற்றைப் பற்றி ஒரு வரி: கோர்ட்டில் கற்கும்போது டயரை நன்றாக இறுக்கி வையுங்கள், தொய்ந்த டயர் திரும்ப மறுக்கும். கரடுமுரடான பாதைக்குப் போகும்போது கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பேரனைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தவர், இப்போது பேரனைவிட நன்றாக ஓட்டுகிறார், 20 இன்ச்சில். கப்பன் பார்க்கை ஒரு சுற்று வர வேண்டும் என்பது அவர் ஆசை. "நேரா 29 வாங்கிடட்டுமா?" என்றார். அவர் கால் நீளம் 71 சென்டிமீட்டர், 125 கிராங்க் போட்டால் 29க்கு மயிரிழையில் எட்டும். ஷூ போட்டால் இன்னும் கொஞ்சம் வசதி, ஆனாலும் இப்போதைக்கு என் 24ஐ 125 கிராங்கோடு கொடுத்திருக்கிறேன். சிக்னல் இல்லாத பாதைதான் என்றாலும், நடுவில் நாய் குறுக்கே வந்தால் இறங்கி மறுபடி தானாக ஏறத் தெரிய வேண்டும். அதை 24இல் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் செய்கிறேன் என்று அவருக்கே நம்பிக்கை வரட்டும். அதற்குள் சிவாஜிநகர்க் கடையில் 622 டயர் எந்தெந்த அகலத்தில் இருக்கிறது என்று விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன்.